சுபிக்ஷா எப்படி வளர்ந்தது, ஏன் மூடியது? கேள்வி பதில்

கேள்வி: சுபிக்ஷா எங்கே தொடங்கியது?

சுபிக்ஷா என்பது மளிகையும் மருந்தும் விற்ற தள்ளுபடிக் கடைச் சங்கிலி. தொடங்கியது 1997இல், சென்னை திருவான்மியூரில். நிறுவனர் ஆர். சுப்பிரமணியன், ஐஐடியிலும் ஐஐஎம் அகமதாபாதிலும் படித்தவர்.

கேள்வி: எம்ஆர்பியை விடக் குறைத்து விற்றால் எப்படிக் கட்டுப்படியாகும்?

செலவைக் குறைத்தார்கள். ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, குடியிருப்புகளுக்குள் சின்னச் சின்னக் கடைகள். மருந்திலும் தள்ளுபடி கொடுத்தது ரொம்பக் கெட்டிக்காரத்தனம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குபவர் மாதாமாதம் வந்துதானே ஆக வேண்டும்? வந்தவர் அப்படியே பருப்பும் எண்ணெயும் வாங்கிப் போவார்.

கேள்வி: பெரிய நிறுவனங்களின் போட்டியால்தானே விழுந்தது?

அதை முதல் காரணமாக நான் நினைக்கவில்லை. பல ஆண்டுகள் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, 2006க்குப் பிறகு ஒரே பாய்ச்சலில் நாடு முழுவதும் போனார்கள். 2008இல் கடைகள் 1600ஐ நெருங்கின. அதில் பெரும்பகுதி கடன் வாங்கிச் செய்த விரிவாக்கம். அந்த ஆண்டு உலக நிதி நெருக்கடி வந்ததும் புதுப் பணம் கிடைக்கவில்லை.

தள்ளுபடிக் கடைக்கு லாபம் ரூபாய்க்குச் சில காசுதான்; சரக்கு வேகமாகச் சுழன்றால்தான் பிழைக்கும். சப்ளையருக்குப் பாக்கி விழுந்தால் சரக்கு வராது. சோப்பு இருக்கும், பேஸ்ட் இருக்காது. பத்துச் சாமான் எழுதிய சீட்டோடு வந்தவர் நாலோடு திரும்புவார், அடுத்த மாதம் அண்ணாச்சி கடைக்கே போய்விடுவார். விற்பனை குறையும், பாக்கி இன்னும் ஏறும். நோயே அதுதான்.

கேள்வி: விப்ரோ அசிம் பிரேம்ஜி பணம் போட்டாரே, அது என்ன ஆயிற்று?

நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. 2008இல் அவருடைய முதலீட்டு நிறுவனம் 230 கோடி ரூபாய்க்கு 10 சதவீதப் பங்கு வாங்கியது உண்மை. ஆனால் வாங்கியது, முன்பே முதலீடு செய்திருந்த ஐசிஐசிஐ வென்ச்சர் என்ற முதலீட்டு நிறுவனம் வைத்திருந்த பங்கை. பணம் விற்றவருக்குப் போனது, சுபிக்ஷாவின் கல்லாவுக்கு அல்ல.

கேள்வி: ஊழியர்கள் கதி?

சம்பளம் நின்றது. 2009 தொடக்கத்தில் கடைகள் வரிசையாக மூடின. காவலாளிகளும் போனபின் பல கடைகளில் மிச்சச் சரக்கும் திருடுபோனது. எனக்கு இன்றும் மனசு கேட்காத பகுதி இது.

கேள்வி: அப்புறம் அதே மாதிரித் தள்ளுபடிக் கடையான டீமார்ட் மட்டும் எப்படி நிற்கிறது?

அவசரப்படவில்லை. 2002இல் மும்பையில் தொடங்கி, 2017இல் பங்குச்சந்தைக்கு வந்தபோதும் சுமார் 130 கடைகள்தான். பெரும்பாலும் சொந்த இடம், அதனால் வாடகைச் சுமை இல்லை. சப்ளையருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து, அதற்கே தனித் தள்ளுபடி வாங்குகிறார்கள்.