ஜனவரியில் பிராக்: அம்மாவுடன் நடந்தே பார்க்கலாமா?

கேள்வி: ஜனவரி முதல் வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று நாள் செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகிறேன். அவருக்கு 63 வயது, மேடு ஏறினால் மூச்சு வாங்கும். பழைய நகரத்தை நடந்தே பார்க்க முடியுமா? குளிரும் வழுக்கலும்தான் பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாக முடியும். திசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பலரும் சார்லஸ் பாலத்தைத் தாண்டி கோட்டைக்கு மேடேறுகிறார்கள். நீங்கள் மேலிருந்து இறங்கி வாருங்கள். 22ஆம் எண் டிராமில் போஹோர்ஜெலெட்ஸ் நிறுத்தம் வரை போய்விட்டால், அங்கிருந்து கோட்டை, நெருதோவா தெரு, பாலம், பழைய நகரச் சதுக்கம் என்று முக்கால்வாசி இறக்கம், மிச்சம் சமதரை. மொத்தம் சுமார் 3 கிலோமீட்டர்.

அந்த நாள்களில் சூரியன் காலை எட்டு மணிக்குத்தான் எழும், நாலு மணி தாண்டினால் மறைந்துவிடும். கோட்டைக்குள் இருக்கும் கட்டடங்களையும் குளிர்காலத்தில் நாலு மணிக்கே மூடிவிடுவார்கள். அதனால் கோட்டையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். 1344இல் தொடங்கி 1929இல்தான் முடிந்த புனித வீடஸ் பேராலயத்தில், நுழைந்ததும் இடப்பக்கம் ஓவியர் முக்காவின் வண்ணக் கண்ணாடி சன்னல் இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போது பார்த்தால்தான் அதன் நிறம் தெரியும். உள்ளேயும் குளிர் இருக்கும், மேலங்கியைக் கழற்ற வேண்டாம்.

நெருதோவா தெருவில் அவசரப்படாதீர்கள். 1770இல் கதவு எண் வருவதற்கு முன்பு வீடுகளுக்கு அடையாளமாக இருந்த சின்னங்கள் வாசலுக்கு மேலே இன்னும் இருக்கின்றன: மூன்று வயலின், இரண்டு சூரியன். ஆனால் நடந்துகொண்டே அண்ணாந்து பார்க்கக் கூடாது, நின்று பாருங்கள். தெரு நல்ல சரிவு. நடைபாதையில் சின்னச் சின்னச் சதுரக் கற்களைப் பதித்திருப்பார்கள். பலர் கால் பட்டு வழவழப்பாகிவிட்ட கற்கள். இரவில் ஈரம் உறைந்தால் காலையில் பனி கண்ணுக்கே தெரியாது, கல் கொஞ்சம் மினுங்கும், அவ்வளவுதான். அந்த மாதிரி நாளில் இந்த இறக்கமே வேண்டாம், கோட்டை நிறுத்தத்தில் அதே 22ஐப் பிடித்து சரிவின் அடியில் இருக்கும் மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் இறங்கிவிடுங்கள்.

செலவு செய்வதென்றால் முதலில் ஷூவுக்குச் செய்யுங்கள். ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் அடிப்பாகம், நீர் புகாத மேல்பாகம், கம்பளி சாக்ஸோடு போட்டாலும் விரலை அசைக்க இடம். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் விறைக்கும். பாதத்தை முழுதாக ஊன்றி, சின்னச் சின்ன அடியாக நடக்கச் சொல்லுங்கள். கையைப் பாக்கெட்டில் விட வேண்டாம், கையுறை போதும். அம்மா புடவைதான் கட்டுவார் என்றால் உள்ளே தெர்மல் பேன்ட் போட்டு, கரையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டட்டும்.

முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவதொரு கூரைக்குள் நுழைந்துவிடுங்கள். வென்ச்லாஸ் சதுக்கம் பக்கம் லுசர்னா என்ற கடைப்பாதை இருக்கிறது. தலைகீழாகத் தொங்கும் குதிரையின் வயிற்றில் புனித வென்ச்லாஸ் உட்கார்ந்திருக்கும் சிலையை அங்கே பார்க்கலாம். செஸ்னெச்கா என்கிற பூண்டு சூப் இந்தக் குளிருக்கு அருமை. சைவம் என்றால் இறைச்சி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே வாங்கிய காகித டிராம் டிக்கெட்டை உள்ளே இருக்கும் மஞ்சள் பெட்டியில் முத்திரையிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அபராதம். அப்புறம், யூதர் குடியிருப்பின் அருங்காட்சியகமும் பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை திறக்காது. அதை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.