மலேசியாவின் நிபோங் திபாலில் மெட்டல் டிடெக்டருக்குக் கிடைத்த, கைப்பிடி இல்லாத கரண்டி போன்ற இந்தத் தகரம் என்ன?

நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடிகூடப் போடாமல், "பால் மங்குல விழ மரத்துல அடிக்கிற தகரம்டா இது" என்றார். ரப்பர் மரத்துப் பாலைச் சொல்கிறார்; மங்கு என்பது அதைப் பிடிக்கும் கிண்ணம். அதே வட்டாரமான செபராங் பிறையில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர், அதனால் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் நினைத்த சுண்ணாம்புக் கரண்டி இல்லை.

உளியால் பட்டையைச் சரிவாக வெட்டினால், பால் அந்தக் கோட்டில் வழிந்து கீழ்முனைக்கு வரும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மரத்தோடு ஒட்டி இறங்கி வீணாகிவிடும். அதனால்தான் வளைந்த சிறு தகரம் ஒன்றைப் பட்டையில் அடித்துச் செருகுவார்கள். பால் அதன் நுனியிலிருந்து மங்கில் சொட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டை போகும். கோடு கீழே இறங்க இறங்கத் தகரத்தையும் பிடுங்கிக் கீழே அடிப்பார்கள். உங்கள் படத்தில் ஒரு முனை மட்டும் நசுங்கியிருக்கிறதே, அது அடி வாங்கிய முனை.

உறுதிப்படுத்த வேண்டுமா? காந்தத்தை வையுங்கள். இது துத்தநாகம் பூசிய இரும்பு, அதனால் ஒட்டும். ஈயமோ வெள்ளீயமோ பித்தளையோ என்றால் ஒட்டாது. மேலே வெள்ளைச் சாம்பல் மாதிரிப் படிந்திருப்பது துத்தநாகத்தின் வேலை. பூச்சு போன இடத்தில்தான் செந்துரு தெரிகிறது. பளபளப்பாக்குகிறேன் என்று வினிகரில் ஊறப்போட்டுவிடாதீர்கள், மிச்சப் பூச்சும் கரைந்துவிடும். பழைய பிரஷ் போதும்.

அப்புறம், கிடைத்த இடத்திலிருந்து ஒரே நேர்கோட்டில் கருவியை நகர்த்திப் பாருங்கள். பால்மரம் நிரை நிரையாக நட்டது. மண்ணை அதிகம் புரட்டாமல் விட்டிருந்தால், சில அடி தள்ளி இன்னொரு தகரமோ மங்கைத் தாங்கிய கம்பி வளையமோ கிடைக்கலாம். கம்பி வளையம் சேர்ந்து கிடைத்தால் பேச்சே வேண்டாம்.

ஜப்பான்காரன் காலத்து, அதாவது இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சாமானா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த வகைத் தகரம் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. வடிவத்தை மட்டும் வைத்து வருடம் சொல்ல முடியாது. விலை? பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்க யோசிப்பார். எனக்கென்றால் அலமாரியில் வைப்பேன், அது வேறு விஷயம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். அந்தப் போர்க்காலத்துக் குண்டுகள் மலேசிய மண்ணில் இன்னும் அகப்படுகின்றன. கனமாக, உருளையாக, துருப்பிடித்து ஏதாவது தென்பட்டால் தொடாமல் விலகி 999க்கு அழையுங்கள். பழங்கால நாணயக் குவியல், சிலை மாதிரி எதுவும் வந்தால், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அலுவலகத்துக்காவது சொல்லியாக வேண்டும். இந்தத் தகரத்துக்கு அதெல்லாம் தேவையில்லை.