தொங்கு நாடாளுமன்றம் என்றால் என்ன?

மலேசியாவில் 2022 நவம்பர் 19-இல் பொதுத்தேர்தலுக்கு ஓட்டுப் போட்டோம். புதிய பிரதமர் பதவியேற்க 24-ஆம் தேதி ஆனது ஏன்? சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பலருக்கும் எழுந்த கேள்வி இது.

எந்தக் கூட்டணிக்கும் பாதிக்கு மேல் இடம் கிடைக்காத நிலைதான் தொங்கு நாடாளுமன்றம். மக்களவையில் 222 இடங்கள். ஆட்சிக்கு 112 பேராவது வேண்டும். இல்லாவிட்டால் பட்ஜெட்கூட நிறைவேறாமல் போகலாம். தோட்டத்துக் கோவில் நிர்வாகத் தேர்வில் மூன்று அணி நின்று, யாருக்கும் பாதிக் கை உயரவில்லை என்றால், இரண்டு அணி பேசிச் சேர்ந்தால்தானே திருவிழா நடக்கும்? அப்படித்தான் பக்காத்தான், பாரிசான் என்ற இரண்டு கூட்டணிகளும் சேர்ந்தன, அப்புறம் பெரிக்காத்தான் என்ற மற்றொரு கூட்டணி எதிர்க்கட்சியானது. அந்தப் பேச்சுவார்த்தையை வெறும் பேரம் என்று ஒதுக்குவது சரியல்ல என்பேன்.

அதிக இடம் பிடித்தவரே தானாகப் பிரதமர் ஆவார் என்று நினைக்க வேண்டாம்: அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவுப்படி, அவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ, அவரே நியமிக்கப்படுவார்.