கியர்பொக்ஸை இறக்குவதற்கு முன் டிஸ்ரிபியூற்றருக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள்

கேள்வி: முப்பது வருடப் பழைய கொரோலா. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்திலிருந்து ஒயில் சொட்டுகிறது. பின் கிராங் சீல் (எஞ்சினின் சுழல்தண்டு கியர்பொக்ஸ் பக்கம் வெளிவரும் இடத்தில் ஒயிலை அடைக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பொக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். உடனே கொடுக்கவா?

கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் இதையேதான் சொன்னார்கள்.

நான் விசுவமடுவில் இருக்கிறேன். எங்களுடையது 1993ஆம் ஆண்டுக் கொரோலா, 5ஏ-எஃப்இ பெற்றோல் எஞ்சின். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல் திரும்பத் தொடங்கும்வரை, இதை விட்டால் வேறு கார் வாங்க முடியாது என்ற நிலை இருந்தது. அன்றிலிருந்து இதைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறோம். ஒருமுறை வவுனியா போகும்போது, எல்லாரையும் போல முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தால், பொனற் பக்கம் எரிந்த ஒயில் மணம். குனிந்து பார்த்தேன். கியர்பொக்ஸின் அடியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் காட்டிய கராஜில், கீழே படுத்து ரோச் அடித்துப் பார்த்த உடனேயே கிராங் சீல் என்று முடிவு சொல்லிவிட்டார்கள்.

பிழை அங்கேதான். துளி விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஒயில் மேலேயிருந்து வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னுக்கு இழுபட்டு, எல்லாவற்றிலும் தாழ்வான இடத்தில் வந்து சொட்டும். அதனால் தேடலை மேலேயிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் கழுவுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டிஸ்ரிபியூற்றரையும் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) ஒல்ரனேற்றரையும் (பற்றரியை சார்ஜ் பண்ணுவது) பொலித்தீன் பையால் கட்டி மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் வைத்து அழுக்கைக் கரைத்துத் துடையுங்கள். மண்ணெண்ணெய் முழுவதும் காயும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம், சைலன்சர் குழாய்ச் சூட்டில் பற்றிக்கொள்ளும். காய்ந்த பிறகு, சந்தேகமான இடங்களில் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை லேசாகத் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளையில் ஈரக் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் நுனிதான் உங்களுக்கு வேண்டிய இடம். நான் பவுடர் போட்டும் பார்த்தேன், அப்புறம் எங்கள் கிரவல் ஒழுங்கையில் ஒரு சுற்றும் போய் வந்தேன். நம் செம்மண் தூசி பவுடரை விட நன்றாக ஒட்டுகிறது. எஞ்சின் முழுக்கக் காய்ந்திருக்க, எஞ்சினின் மேற்பகுதியான கெட்டின் கியர்பொக்ஸ் பக்க முனையில், டிஸ்ரிபியூற்றரின் கழுத்திலிருந்து நேரே கீழே ஒரு சிவப்புப் பட்டை.

டிஸ்ரிபியூற்றரின் கழுத்தில் ஒயிலை அடைக்க ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும். கழற்றியபோது அது ரப்பராகவே இல்லை. வெளிப்பக்கம் தட்டையாகி, கறுத்து, பிளாஸ்ரிக் போல விறைத்திருந்தது. நகத்தால் கிளப்ப இரண்டு துண்டாக உடைந்தது. இத்தனை வருடம் எஞ்சின் சூட்டில் கிடந்தால் ரப்பருக்கு அதுதான் நடக்கும். புதியது சில நூறு ரூபாய்தான். ஆனால் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் வளையத்தை அளவு பார்த்து மாட்டிவிடாதீர்கள், சூட்டு ஒயிலில் ஊதிக் கெட்டுவிடும். கார் உதிரிப்பாகக் கடையில் அதற்குரியதையே கேட்டு வாங்குங்கள்.

கழற்றுவதற்கு முன் டிஸ்ரிபியூற்றர் உடம்பிலும் கெட்டிலும் சேர்த்து ஒரு கீறல் போடுங்கள். அது வெளியே இருக்கும்போது எஞ்சினைச் சுற்றக் கூடாது. புது வளையத்தில் ஒயில் தடவி, கீறலுக்குக் கீறல் பொருந்த வைத்து இறுக்குங்கள். பிறகு ரைமிங் லைற் (பிளக் பொறி அடிக்கும் நேரத்தைக் காட்டும் விளக்கு) உள்ள ஒருவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். சோதனைப் பெட்டியில் டிஈ1, ஈ1 (TE1, E1) என்ற இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்தால், ஐடிலில் பொறி, பிஸ்ரன் உச்சிக்கு வருவதற்கு 10 பாகை முன்னால் நிற்க வேண்டும்.

உங்களுடையதில் மேலே இன்னொரு இடத்தையும் பாருங்கள், டெப்பட் கவர் பக்கிங் (எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர்). பிளக் வயரைப் பிடுங்கும்போது நுனி ஒயிலில் நனைந்து வந்தால் அதுவும் போய்விட்டது. பக்கிங் மாற்றும்போது மூலைகளில் மட்டும் துளி சிலிக்கோன் போதும். சுற்றிவரப் பூசினால் உள்ளே பிதுங்கிய துண்டு சம்புக்குள் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) விழுந்து ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். அது கசிவை விடப் பெரிய ஆபத்து. நட்டுகளையும் பலம் போட்டு இறுக்காதீர்கள்.

அத்தோடு எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள், கலகலவென்று சத்தம் வர வேண்டும். அது அடைபட்டால் எஞ்சினுக்குள் காற்று அழுத்தம் கூடி, நல்ல சீலையும் கசிய வைக்கும். அதைப் பார்க்காமல் சீல் மாற்றினால் அதே இடம் திரும்பவும் நனையும்.

அப்பா ஒயில் கம்பியை இழுத்தால் அளவைப் பார்ப்பதற்கு முதல் மூக்கில்தான் வைப்பார். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது வன்னியில் கார்களைக் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம் அல்லவா? எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். அதன்பின் எல்லாச் சீலும் கசியும். இன்றும் ஒயிலில் பெற்றோல் மணம் வந்தால் சீலை விட்டு எரிபொருள் பக்கம் பாருங்கள்.

இந்த எஞ்சினுக்கு ஒயில் மொத்தமே ஏறக்குறைய 3 லீற்றர்தான். ஒரு லீற்றர் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. எனவே வேலை முடியும்வரை தினமும் காலையில், ஸ்ராட் பண்ணும் முன், சமதரையில் வைத்து அளவு பாருங்கள். ஓடும்போது சிவப்பு ஒயில் லைற் எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, மேலே எல்லாம் காய்ந்திருந்தும் துளி விழுந்தால்? கியர்பொக்ஸ் கூட்டின் அடித் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே ஃப்ளைவீல் (எஞ்சின் பின் முனையிலுள்ள பெரிய சில்லு) பக்கம் எஞ்சின் ஒயிலில் நனைந்திருந்தால் மெக்கானிக் சொன்னது சரி, இறக்கத்தான் வேண்டும். கந்தகம் போல மணந்தால் அது கியர் ஒயில், கசிவது கியர்பொக்ஸ் சீல். எதுவானாலும் இறக்கும் அன்றே கிளச் பிளேற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், இன்னொரு தடவை கூலி கொடுக்க வேண்டியிராது.