கணினிச் சீட்டை விட்டுவிட்டு வேதியியலா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகளுக்குக் கணினி அறிவியலில் இடம் கிடைத்துவிட்டது. அவளோ வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள். "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு கடைசியில் டீச்சர் வேலையா?" என்று பெரியப்பாவும் மாமாவும் போனில் துளைத்தெடுக்கிறார்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக் கடிதத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கணினிச் சீட்டை வாங்காதீர்கள்.

ஈடிடிஏ என்ற சேர்மத்தைத் துளித்துளியாக விட்டு உலோகத்தை அளக்கும் தரம்பார்த்தலில் ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடத்தை ஒரு துளிக்குள் பிடிக்கும்வரை அவள் திரும்பத் திரும்பச் செய்தாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அந்தப் புட்டியில் நடப்பது ஒரு மூலக்கூறு உலோக அயனியைச் சுற்றி வளைத்துப் பிடிப்பது. அதையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் துறை ஒன்று இருக்கிறது. ஆசிரியர் பணி, மருந்து நிறுவனம், போட்டித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்கிறேன்.

உலோக அயனிகளைத் தேர்ந்து பிடிக்கும் மூலக்கூறுகளை, அதாவது ஈனிகளை, வடிவமைப்பதுதான் வேலை. 1967-இல் வேதியியலாளர் சார்லஸ் பெடர்சன் கிரவுன் ஈதர்கள் என்ற வளைய மூலக்கூறுகளை வெளியிட்டார். வேறொன்றைத் தயாரிக்கும்போது அரை சதவீதத்துக்கும் குறைவாகக் கிடைத்த பக்கவிளைபொருளைக் கழிவென்று கொட்டாமல் ஆராய்ந்ததால் வந்தது அது. மெத்தனாலில் சரியாகக் கரையாத அந்த வெள்ளைப் படிகம், சோடியம் உப்பைச் சேர்த்ததும் கரைந்தது. முனைவர் பட்டம் இல்லாத அவருக்கு 1987-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஈதர் குடும்பத்தைச் சேர்ந்த 18-கிரவுன்-6 வளையம், மெத்தனாலில் சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை ஏறத்தாழ 50 மடங்கு வலுவாகப் பிடிக்கிறது.

இதற்கு வேலை எங்கே என்பீர்கள். பழைய காந்தத்திலிருந்து நியோடைமியத்தையும் டிஸ்ப்ரோசியத்தையும் தனித்தனியாக மீட்க வேண்டும். இவை இரண்டும் அருமண் தனிமங்கள். அந்த வரிசையில் லாந்தனத்திலிருந்து லுட்டீசியம்வரை 15 தனிமங்களுக்கும் சேர்த்து அயனி ஆரம் 103 பிக்கோமீட்டரிலிருந்து 86-க்குத்தான் குறைகிறது, அதாவது அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு பிக்கோமீட்டர்தான். அதனால்தான் அருமண் ஆலைகளில் நூற்றுக்கணக்கான பிரித்தெடுப்புப் படிநிலைகள் வேண்டியிருக்கின்றன. பேட்டரி மறுசுழற்சியில் கோபால்ட்டும் நிக்கலும் இதே தலைவலி. அமெரிக்காவின் சவானா ரிவர் அணுக்கழிவில் சோடியம் பல்லாயிரம் மடங்கு மிகுந்திருக்க, கிண்ணம் போன்ற கேலிக்ஸ்அரீனோடு கிரவுன் வளையம் இணைந்த மூலக்கூறு ஒன்று சீசியத்தை மட்டும் பொறுக்கி எடுக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்பது பாதிக் கணக்குத்தான். பிரித்தெடுப்பில் பிடித்ததை விடவும் வேண்டும், இல்லாவிட்டால் ஈனியை மறுபடி பயன்படுத்த முடியாது. தாமிர ஆலைகளில் ஹைட்ராக்ஸிஆக்ஸைம் ஈனிகள் இரண்டிரண்டாக ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துத் தாமிரத்துக்கு அளவான வளையத்தை அமைக்கின்றன. பிஎச் 2-ஐ ஒட்டிய அமிலத்தன்மையில் உலோகத்தை ஏற்றி, வலுவான கந்தக அமிலத்தில் இறக்கிவிடுகின்றன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கதிரியக்க லுட்டீசியம்-177-இல் கதை நேர்மாறு. அங்கே ஈனி உலோகத்தை விடவே கூடாது, விட்டால் அது எலும்பில் போய்ச் சேரும்.

"கணினி படித்துவிட்டு அப்புறம் ஏஐ வைத்து வேதியியல் செய்யட்டுமே" என்று மாமா சமரசம் சொல்கிறார் அல்லவா, அதற்கும் பதில் இருக்கிறது. ஈனி எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் பிணைப்பு மாறிலி. அறை வெப்பநிலையில் அது 10 மடங்கு மாறுவதற்கு மோலுக்கு 5.7 கிலோஜூல் போதும். ஓர் அயனியை இன்னொன்றைவிட இரண்டு மடங்கு வலுவாகப் பிடிக்க 1.7 கிலோஜூல்தான். அயனியைச் சுற்றியிருக்கும் நீரைக் கழற்றும் ஆற்றலையும் கணக்கில் சேர்த்தால், கணினிக் கணிப்பின் பிழையே பல சமயம் இதைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே கணிப்பு எதை முதலில் தயாரிக்கலாம் என்று வரிசைப்படுத்தித் தரும், முடிவை ஆய்வகம்தான் சொல்லும். பைத்தான் நிரல்மொழியும், மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிடும் ஓர்கா போன்ற மென்பொருளும் வேதியியல் படித்தபடியே கற்கக்கூடியவை. கல்விப் பயன்பாட்டுக்கு ஓர்கா இலவசம். கண்ணாடிக் குடுவையோடு கை பழகுவதைப் பிற்பாடு கற்பதுதான் கடினம்.

அந்தக் கைவேலை எப்படிப்பட்டது என்று மகள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். வளையம் மூடும் வினையில் கரைசல் செறிவாக இருந்தால், ஒரு சங்கிலியின் முனை தன் மறுமுனையை விட்டுப் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் கிடைப்பது பிசின். அதனால் மிக நீர்த்த நிலையில், மணிக்கணக்கில், சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அல்லது பொட்டாசியம் போன்ற அயனியை நடுவில் வைத்து, சங்கிலியை அதைச் சுற்றி வளைய வைக்க வேண்டும்.

பிறகு அளவீடு. மூலக்கூறின் அணுக்கருக்கள் தரும் சைகையைக் காந்தப்புலத்தில் அளக்கும் என்எம்ஆர் கருவியின் குழாயில் ஈனி 1 மில்லிமோலார், உலோக உப்பு சுழியத்திலிருந்து 5 சமானம்வரை (ஈனியைப் போல் ஐந்து மடங்கு), பன்னிரண்டு பதினைந்து தடவையாக. உப்புக் கரைசலையும் அதே ஈனிக் கரைசலில்தான் தயாரிக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சேர்ப்பிலும் ஈனியின் செறிவு குறைந்துகொண்டே போகும். பிணைப்பு மாறிலி ஒரு லட்சத்தைத் தாண்டினால் வரைபடம் இரண்டு நேர்கோடாக உடைந்துவிடும். அதிலிருந்து எண் எடுப்பது தவறு, இன்னும் நீர்த்த கரைசலில் புறஊதா அளவீட்டுக்குப் போக வேண்டும். குளோரைடு உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு ஈனிக்குப் போட்டியாக வரும் என்பதால் பலர் பெர்குளோரேட் உப்புக்கு மாறுவார்கள். கரிம ஈனியோடு உலர்ந்த பெர்குளோரேட் வெடிக்கக்கூடியது, சுரண்டவோ சூடாக்கவோ கூடாது. இதை எச்சரிக்காத ஆய்வகத்தில் உங்கள் பெண் நிற்கவே வேண்டாம்.

பிரித்தெடுப்புச் சோதனையில் நீர் 1 மில்லி, கரிமக் கரைப்பான் 1 மில்லி. சமநிலை வரும்வரை குலுக்கி, மையவிலக்கில் சுழற்றி, இரண்டு அடுக்கிலும் உலோகத்தை ஐசிபி-எம்எஸ் என்ற நுண்ணளவீட்டுக் கருவியில் அளக்க வேண்டும். நீரில் குறைந்ததெல்லாம் கரிமத்துக்குப் போய்விட்டது என்று கழித்துக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். இரண்டுக்கும் நடுவே படிந்த வீழ்படிவும், மூன்றாவதாகப் பிரிந்த அடுக்கும் அந்தக் கழித்தலில் "வெற்றி" என்றே தெரியும். கரிம அடுக்கிலிருந்து உலோகத்தை இறக்கி அதையும் அளந்து, மொத்தம் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி பணம். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள், முனைவர் பட்டம் இன்னும் நான்கைந்து. ஈனியைத் தானே வடிவமைக்க முனைவர் பட்டம் அநேகமாகத் தேவைப்படும். முதுநிலையோடு நிறுத்தினாலும் நீர்வழி உலோகவியல் (கரைசல் வழியே உலோகத்தைப் பிரிப்பது), பேட்டரி மறுசுழற்சி, பகுப்பாய்வு ஆய்வகம், கதிரியக்க மருந்துத் தயாரிப்பு ஆகியவற்றில் வாசல் உண்டு. முதல் சம்பளம் கணினிக்காரர்களுடையதைவிடக் குறைவாக இருக்கலாம், அதை இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள். முனைவர் படிப்புக்கு உதவித்தொகை இல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள். வெளிநாட்டு முதுநிலைக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். இந்த இரண்டிலும் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

அவளையும் ஒன்று கேட்க வேண்டும். பத்து தடவை செய்து ஒன்பது தடவை பிசின் வந்தாலும் பத்தாவதற்குக் குடுவையைக் கழுவ மனம் வருமா? வராதென்றால் அதுவும் நேர்மையான பதில், வேறு படிப்பைப் பார்ப்போம். வருமென்றால் பெரியப்பாவின் போனை நீங்கள் எடுங்கள், அவளிடம் கொடுக்காதீர்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காமல் நேரில் போய்க் கேளுங்கள். என்எம்ஆர் கருவியை இளநிலை மாணவர்கள் தொட முடியுமா, மாதிரியை வெளியே அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்கிறார்களா? உலோக அளவீட்டுக் கருவி வேலை செய்கிறதா, உறை போட்டு மூடியிருக்கிறதா? கடைசி ஆண்டில் ஆய்வுத் திட்டம் உண்டா? இதற்கிடையே, பைண்ட்ஃபிட் என்ற இலவச இணையக் கருவியில் வெளியான தரம்பார்த்தல் தரவு ஒன்றைப் போட்டு, பிணைப்பு மாறிலியை அவளே கணக்கிடட்டும். அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் மீதப்பிழை வரைபடத்தில் புள்ளிகள் சிதறாமல் வளைவாக வந்தால் எடுத்துக்கொண்ட மாதிரி பொருந்தவில்லை என்று பொருள், அப்போது ஒன்றுக்கு ஒன்று சேரும் 1:1 பிணைப்புக்குப் பதிலாக ஒன்றுக்கு இரண்டு சேரும் 1:2 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டை உறுதிசெய்யும் கடைசி நாளுக்குள் அந்த ஒரு கணக்கை முடித்துவிட்டு எனக்கு எழுதட்டும்.