கையெழுத்துக்கு ஒரு நேரம், வாக்கியத்துக்கு ஒரு நேரம்

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எழுத்துகள் பெரிதும் சிறிதுமாகக் கோட்டைத் தாண்டி ஓடுகின்றன. பார்த்து எழுதிவிடுகிறாள், சொந்தமாக இரண்டு வரி எழுதச் சொன்னால் அழுகைதான். தினமும் ஒரு பக்கம் காப்பி எழுத வைத்தும் மாற்றமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஒரு பக்கத்தை நிறுத்துங்கள். சின்னக் கை பாதிப் பக்கத்திலேயே ஓய்ந்துவிடும். மீதிப் பாதியில் அவள் பழகுவது கோணல் எழுத்தைத்தான். பத்து நிமிடம், ஐந்து வரி போதும். எழுதி முடித்ததும், நன்றாக வந்த எழுத்தை அவளையே வட்டமிடச் சொல்லுங்கள்.

பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிறாளா? விரல் நீளத் துண்டுப் பென்சிலைக் கொடுங்கள். மூன்று விரலுக்கு மேல் அதில் இடமிருக்காது. இடது கைப் பழக்கம் என்றால் மாற்ற வேண்டாம், நோட்டின் மேல்பக்கத்தை வலப்புறம் சாய்த்து வையுங்கள். தமிழுக்கு நாலு கோடு நோட்டு வேண்டாம், இரட்டைக் கோடு நோட்டு வாங்குங்கள்.

அப்புறம், எழுத்துகளை அகர வரிசையில் திருத்தாதீர்கள். கைக்கு மிகக் கடினமான வடிவங்களில் ஒன்று 'அ'. நேர்கோடு மிகுந்த எழுத்துகளான ட, ப, ம மூன்றில் தொடங்குங்கள். பட்டம், படம், மடம் என்று உடனே சொல்லும் கிடைத்துவிடும். வளைவும் சுழியும் பிறகு. உகரத்தையும் வடிவம் பார்த்துப் பிரியுங்கள்: கு, டு, மு, ரு ஒரு கூட்டம், சு, பு, வு இன்னொன்று, து, நு, லு, று வேறொன்று. ஒரு நாளைக்கு ஒரு கூட்டம்.

சில சொற்களில் மட்டும் எழுத்து நெருக்கியடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். 'கொ' என்னும்போது காதில் முதலில் விழுவது 'க்'. கை எழுத வேண்டியதோ கொம்பு. குழந்தை 'கா' எழுதிவிட்டு, விட்டுப்போன கொம்பை முன்னால் செருகும். "கொம்பு, க, கால்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். வீட்டில் தாத்தா பாட்டி சொல்லிக்கொடுத்தால் இன்னொன்றையும் பாருங்கள்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய யானைத் துதிக்கை போல முன்னால் வளைவு போட்ட 'லை', 'னை' நோட்டில் நுழைந்திருக்கலாம். அழகான வடிவம்தான், ஆனால் பிள்ளை குழம்பும்.

சரி, வாக்கியத்துக்கு வருவோம். அழுகைக்குக் காரணம் சோம்பல் அல்ல. அவள் பேசும் தமிழ் ஒன்று, நோட்டு கேட்கும் தமிழ் வேறு. "அம்மா தோசை சுட்டாங்க" என்பது மனதில் தயாராக இருக்கிறது. 'சுட்டார்' என்று மாற்றுவதற்குள் எழுத்து மறந்துபோகிறது. எனவே வாக்கிய நேரத்தில் கையெழுத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள். முதலில் பேசட்டும். "யார்? எதை? என்ன செய்தார்?" என்று நீங்கள் கேளுங்கள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதட்டும், 'சுட்டாங்க' உட்பட. சொல்லுக்குச் சொல் ஒரு விரல் இடைவெளி விட்டால் போதும். அடுத்த நாள் அதே வரியை இருவருமாகப் படித்து, "புத்தகத்தில் இதை எப்படி எழுதியிருப்பாங்க?" என்று கேளுங்கள். பல நேரம் பதில் அவளிடமே இருக்கும். வல்லினம் மிகும் இடமெல்லாம் இந்த வயதில் வேண்டாம். பெரியவர்களே தடுமாறும் சங்கதி அது.

'என் பள்ளி' போன்ற தலைப்பையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். கடைக்கு எழுதும் சீட்டு, ஊரிலிருக்கும் அத்தைக்கு இரண்டு வரி, ஃபிரிட்ஜில் ஒட்ட "என் மாம்பழத்தை யாரும் தொடாதீங்க". இவற்றை எழுத அவளை யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.