ஆப்பிள் கிரிஸ்ப்: மேலே மொறுமொறுப்பு நிற்காதது ஏன்?

கேள்வி: "வீட்ல ஆப்பிள் துண்டு மேல ஓட்ஸ் கலவையத் தூவிச் சுடற ஆப்பிள் கிரிஸ்ப் செஞ்சு பாத்தேனுங்க. சிவப்பு ஆப்பிள், ஊத்துக்குளி வெண்ணெய், நாட்டுச் சர்க்கரைன்னு எல்லாம் நல்லதாப் பாத்துத்தான் வாங்கினேன். 28 லிட்டர் ஓ.டி.ஜி. மின் அடுப்புல 180 டிகிரி வெச்சு அரை மணி நேரம் விட்டேன். மேல நிறம் வந்துருச்சு. ஆனா எடுத்துப் பரிமாறினா ஓட்ஸ் கொழகொழன்னு இருக்குது, ஆப்பிள் கூழாயிருச்சு, அடியில தண்ணி நிக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. எங்கீங்க தப்பு போகுது?" (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: நீங்கள் வாங்கியதில் எதுவும் மட்டமில்லை. தண்ணீர்தான் உங்கள் பிரச்சினை. ஆப்பிளின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் நீர். வெள்ளை வெண்ணெயிலும் கணிசமாக நீர் இருக்கிறது. நாட்டுச் சர்க்கரை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். இத்தனை நீரும் ஆவியாகிப் போகவோ, கெட்டியான பாகாக மாறவோ அரை மணி நேரம் போதாது. மிச்சப்பட்ட நீரில் ஒரு பங்கு அடியில் நிற்கிறது, இன்னொரு பங்கு ஆவியாக மேலே ஏறி ஓட்ஸை நனைக்கிறது. நிறம் வந்ததைப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். நிறம் மேல் கம்பியின் சூட்டில் வருவது, உள்ளே வெந்ததற்கு அது சாட்சி ஆகாது.

முதலில் ஆப்பிள். நம் பக்கத்துப் பழக்கடைகளில் 'சிம்லா ஆப்பிள்', 'காஷ்மீர் ஆப்பிள்' என்று கிடைப்பதில் பெரும்பாலானவை டெலிஷியஸ் வகைகள். கடித்துச் சாப்பிட அருமையான பழம். அடுப்பில் வைத்தால் கரைந்துவிடும். புளிப்புக் குறைவாக இருப்பது ஒரு காரணம்: பழத்தின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின், புளிப்பு குறைவான பழத்தில் சூடு பட்டதும் சீக்கிரம் உடைகிறது. இன்னொரு காரணம் வயது. இமாச்சல், காஷ்மீர் அறுவடை ஆடி முதல் ஐப்பசி வரைதான். மற்ற மாதங்களில் வருவதெல்லாம் குளிர்கிடங்குச் சரக்கு. அதில் பல பழங்கள் உள்ளே மாவாகியிருக்கும். வாங்கும்போது காம்புக் குழியை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் வேண்டாம். முடிந்தால் ஒன்றை நறுக்கச் சொல்லி ஒரு துண்டு மென்று பாருங்கள். 'நறுக்'கென்று உடைந்து சாறு தெறிக்க வேண்டும்.

கிரிஸ்ப்புக்கு முதல் தேர்வு பச்சை ஆப்பிள், அதாவது கிரானி ஸ்மித். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பெரிய பழக்கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கும். விலை கூடுதல் என்பதால் பாதி பச்சை ஆப்பிள், பாதி ஃபியூஜி அல்லது காலா என்று கலப்பதுதான் எங்கள் பரிந்துரை. பச்சை ஆப்பிள் வடிவமும் புளிப்பும் தரும், மற்றது இனிப்பும் மணமும் தரும். சிவப்பு டெலிஷியஸ் மட்டுமே கிடைத்தால் விட்டுவிட வேண்டாம், எலுமிச்சைச் சாற்றை இரட்டிப்பாக்குங்கள். அது சுவைக்கு மட்டுமல்ல, துண்டுகள் கரையாமல் இருக்கவும்தான். ஆடி, ஆவணியில் ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்துக் கெட்டிப் பேரிக்காய் இறங்கும்போது, ஒரு கிலோவில் 300 கிராம் அதைப் போடலாம். நன்றாக வெந்தும் உடையாமல் நிற்கும்.

அளவு சொல்லிவிடுகிறோம். 20 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு 1 கிலோ ஆப்பிள், தோல், நடுத்தண்டு போக ஏறத்தாழ 800 கிராம் தேறும். தோலைச் சீவிவிடுங்கள். வெளிநாட்டுப் பழத்தில் மெழுகுப் பூச்சு இருக்கும் என்பதோடு, வெந்த தோல் சுருண்டு வாயில் தட்டுப்படும். துண்டின் கனம் முக்கியம்: ஒன்றரை செ.மீ. சதுரத் துண்டுகள். மெல்லிய சீவல்களாகப் போட்டால் மேல்பகுதி சிவக்கும் முன்பே அடி கூழாகும்.

இந்தத் துண்டுகளோடு 50 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு (சிவப்பு ஆப்பிள் என்றால் இரண்டு), முக்கால் டீஸ்பூன் பட்டைத் தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசறி, சல்லடையில் போட்டு அடியில் கிண்ணம் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுத்துக் கீழே விடும். உங்கள் பாத்திரத்தின் அடியில் நின்ற தண்ணீரில் ஒரு பகுதி இதுதான். அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், மணமெல்லாம் அதில்தான் இருக்கிறது. சின்ன வாணலியில் ஊற்றி, கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை சுண்டவைத்து ஆப்பிளோடு திரும்பச் சேருங்கள். பிறகு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைத் தூவிப் பிரட்டுங்கள். சிவப்பு ஆப்பிளுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி. நம் ஊர் மளிகைக் கடையில் சோள மாவு என்று கேட்டால் இட்லிக்கும் களிக்கும் போடும் வெள்ளைச் சோள மாவு கைக்கு வரலாம், கார்ன்ஃப்ளார் என்றே கேளுங்கள். அது கெட்டியாக வேண்டுமென்றால் நடுப்பகுதியும் கொதிக்க வேண்டும். கொதி வராமல் எடுத்தால் நீர்த்தே இருக்கும், பச்சை மாவு வாடையும் அடிக்கும்.

அடுத்தது வெண்ணெய். ஊத்துக்குளி வெண்ணெயின் மணத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் பாக்கெட் டேபிள் பட்டருக்கு உணவுத் தரச் சட்டம் கேட்பது குறைந்தது 80 சதவீதப் பால் கொழுப்பு. வெள்ளை வெண்ணெய்க்கு 76 இருந்தாலே போதும். மீதியில் பெரும்பகுதி நீர், மோர்த் துளிகள். இலையிலோ தட்டிலோ வைத்து ஒரு கரண்டியால் அழுத்திப் பாருங்கள். ஓரங்களில் பொட்டுப் பொட்டாக நீர் கசியும். அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தி, கசிந்ததைச் சாய்த்து ஊற்றுங்கள். நான்கைந்து தடவையில் கசிவு நின்றுவிடும். பிறகு ஃபிரிட்ஜில் வைத்துக் கல்லாக இறுகவிட்டு, சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். 100 கிராம் தேவை.

இதைவிட உறுதியான வழி நெய். அதில் நீரே இல்லை என்பதால் 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் போதும், ஃபிரிட்ஜில் வைத்து உறைந்த நெய்யாக இருக்க வேண்டும். வீட்டில் காய்ச்சிய நெய் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: முருங்கைக்கீரையோ வெற்றிலையோ போட்டு இறக்கிய நெய் வேண்டாம். சோற்றுக்கு அந்த வாசம் சுகம், பட்டையோடும் ஆப்பிளோடும் சண்டை போடும்.

ஓட்ஸ் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். ரோல்டு ஓட்ஸ்தான் வேண்டும். தட்டையான, உடையாத முழு இதழ்களாக இருக்கும். குயிக் குக்கிங், இன்ஸ்டன்ட் என்று வருபவை சிறு துண்டுகளாக வெட்டி மெல்லிசாக உருட்டியவை. ஈரம் பட்டதும் ஊறிக் குழைந்துவிடும். பெரும்பாலான கடைகளில் முன்வரிசையில் இருப்பது அதுதான், உங்கள் வீட்டுக்கும் அதுவே வந்திருக்கக் கூடும். வேறு வழியில்லை என்றால் வெறும் வாணலியில் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வறுத்து, முழுக்க ஆறவிட்டுப் போடுங்கள்.

மேல்பகுதிக்கு: ஓட்ஸ் 100 கிராம், மைதா அல்லது கோதுமை மாவு 80 கிராம், சர்க்கரை 90 கிராம், கால் டீஸ்பூன் உப்பு, ஒன்றிரண்டாக உடைத்த முந்திரி 40 கிராம். சர்க்கரையில் 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, 30 கிராம் அஸ்கா, அதாவது வெள்ளைச் சர்க்கரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். முழுக்க நாட்டுச் சர்க்கரை என்பதில் பலருக்குப் பிடிவாதம் உண்டு. கவுந்தப்பாடிச் சர்க்கரையின் நிறமும் மணமும் அருகிலேயே கிடைக்கும்போது அது நியாயமும்கூட. ஆனால் அதிலுள்ள குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஈரத்தை இழுக்கும். வெள்ளைச் சர்க்கரை உருகி, ஆறும்போது கண்ணாடியாக இறுகும். மொறுமொறுப்பை நிறுத்திவைப்பது அதுதான். ஐப்பசி மழையில் செய்தால் பாதிக்குப் பாதி போடுங்கள். நாட்டுச் சர்க்கரையை ஒருமுறை சலித்துவிடுங்கள், கட்டியும் மணலும் மேலே தங்கும்.

முந்திரிக்குப் பதில் நிலக்கடலை போடலாம். வறுத்து வைத்த கடலையாக இருந்தால் இன்னும் முக்கால் மணி நேரச் சூட்டில் கசந்துவிடும். தோல் உரியும் அளவுக்கு மட்டும் லேசாகச் சூடாக்கிய கடலை சரி. பொள்ளாச்சிக் கொப்பரையைச் சீவிப் போட ஆசை என்றால் கடைசி 10 நிமிடத்தில் தூவுங்கள், முன்பே போட்டால் கருகும்.

உலர்ந்ததை எல்லாம் கலந்து, குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் தேய்த்துச் சேருங்கள். புட்டு மாவுப் பதம்தான்: கையில் பிடித்தால் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பிறகு கைப்பிடி கைப்பிடியாக அழுத்திச் சுண்டைக்காய் அளவுக் கட்டிகளாக உடைத்து, 15 நிமிடம் ஃபிரீசரில் வையுங்கள். கட்டிகளுக்கு இடையில் சந்து இருந்தால்தான் ஆவி வெளியேறும். பொடியாக உதிர்த்துப் பரப்பி, மேலே தட்டிச் சமப்படுத்தினால் ஆவி அடைபட்டு அடிப்பக்கம் ஊறிப்போகும். ஆப்பிள் மேல் இலேசாகத் தூவினாலே போதும், அழுத்தவே கூடாது.

ஓ.டி.ஜி.யை மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் போட்டு 180 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்குங்கள். நடுத்தட்டில் 45 முதல் 50 நிமிடம். 28 லிட்டர் பெட்டியில் மேல் கம்பி நெருக்கமாக இருப்பதால் முன்கூட்டியே சிவக்கும். 25 நிமிடத்திலேயே நிறம் வந்தால் அலுமினியத் தாளை மேலே தளர்வாகச் சாய்த்து வையுங்கள். ஓரங்களை இறுக்கி மூடினால் ஆவி உள்ளேயே நின்றுவிடும். கடைசி 10 நிமிடம் தாளை எடுத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டின் முள்ளை முழுதாக நம்ப வேண்டாம், 10, 20 டிகிரி தள்ளிக் காட்டும் பெட்டிகள் ஏராளம். தோட்டத்து வீடாக இருந்தால் மின்னழுத்தத்தையும் பாருங்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் கம்பியின் வெப்பத் திறன் முக்கால் பங்குக்கு இறங்கிவிடும். மோட்டார்கள் ஓடும் நேரத்தைத் தவிர்த்து வையுங்கள்.

வெந்ததற்கு அடையாளம் நிறம் அல்ல, குமிழி. ஓரத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும், ஓட்ஸ் சந்துகள் வழியே, சாறு கெட்டியாக, மெதுவாகப் பொங்கி உடைய வேண்டும். வேகமான சிறு குமிழி என்றால் உள்ளே இன்னும் தண்ணீர்தான். கண்ணாடிப் பாத்திரத்தைச் சொன்னதற்குக் காரணமும் இதுதான், பக்கவாட்டில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எடுத்ததும் ஈரமான மேடையில் வைத்துவிடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். கம்பி ஸ்டாண்டில் வைத்து 30 நிமிடம் ஆறவிட வேண்டும். சுடச்சுடப் பரிமாறினால் சாறு ஓடும், மேல்பகுதியும் மெத்தென்றே இருக்கும். சர்க்கரை இறுகுவதும் சாறு கெட்டியாவதும் இந்த அரை மணியில்தான்.

ஓ.டி.ஜி. இல்லாதவர்கள் குக்கரில் வெயிட், கேஸ்கெட் எடுத்துவிட்டு மணல் போட்டு வைக்கிறார்கள். கேக்குக்கு அது சரி. கிரிஸ்ப்புக்கு ஆகாது, மூடியில் படியும் ஆவி ஓட்ஸ் மேலேயே சொட்டும். அவர்கள் ஆப்பிளைத் தனியே வாணலியில் கெட்டியாக வதக்கி, ஓட்ஸ் கலவையை இரும்பு வாணலியில் சிறு தீயில் 12 நிமிடம் போலக் கிளறி வறுத்து, பரிமாறும்போது சேர்ப்பது நல்லது. மைக்ரோவேவில் கன்வெக்ஷன் வசதி இருந்தால் அதில் 180 டிகிரி, வெறும் மைக்ரோவேவ் சூட்டில் மொறுமொறுப்பு வராது.

ஞாயிற்றுக்கிழமைக்கு: மேல்கலவையைச் சனிக்கிழமை இரவே செய்து டப்பாவில் அடைத்து ஃபிரீசரில் வைத்துவிடுங்கள், அப்படியே குளிர்ச்சியாகப் போடலாம். காலை 10 மணிக்கு ஆப்பிளை நறுக்கிச் சர்க்கரை பிசறுங்கள், 11 மணிக்கு ஓ.டி.ஜி.யில் வையுங்கள். 12 மணிக்குள் வெளியே வந்துவிடும். பந்தி முடிந்து 1 மணிக்கு மேல் கொடுக்கும்போது இளஞ்சூடாக இருக்கும், வெனிலா ஐஸ்க்ரீமை அருகில் வையுங்கள், மேலே கொட்ட வேண்டாம். மிச்சமிருந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், 160 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். ஆறும் நேரத்தில் ஈ மொய்க்கிறதே என்று தட்டையோ மூடியையோ போட்டு மூடிவிடாதீர்கள், மெல்லிய வலைமூடி மட்டும் போதும்.